கயலின் ழகரத்துக்கு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்தது. கயல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை! அவள் ‘மளை’ என்றுதான் சொல்கிறாள், ஆனால் போனில் பேசி எழுதவைத்தால் ‘மழை’ என்று சரியாக விழுகிறதே, அப்படியானால் உச்சரிப்பு சரியா என்று கேட்டிருந்தாய்.

இல்லை, அதை நம்பாதே. குரலை எழுத்தாக்கும் மென்பொருள் ஒலியை மட்டும் கேட்பதில்லை, அக்கம்பக்கச் சொற்களை வைத்து ஊகிக்கவும் செய்கிறது. ‘மளை பெய்யுது’ என்றாலும் ‘மழை’ என்றே போடும். சோதிக்க வேண்டுமென்றால் கிளி–கிழி போல இரண்டுமே பழகிய சொல்லாக இருக்கும் இணையை எடு. வாளை–வாழை வேண்டாம், மீன் பெயரைவிட வாழையையே அது எழுதப் பார்க்கும். சீட்டுகளில் பத்துப் பத்தாக எழுதிக் கலைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தனியே சொல்லச் சொல். அதற்கு முன்னால் நீ சொல்லி, அவள் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார். காது பிரிக்காததை நாக்கு பிரிக்காது.

உண்மையில் உதவப்போவது ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வை. மூச்சுக்காற்று நேரே மோதினால் பதிவு கெடும். பதிந்ததைத் திறந்து ஃபார்மன்ட் (வாயின் வடிவத்துக்கேற்ப குரலில் ஓங்கும் அதிர்வெண்கள்) காட்டச் சொன்னால் சிவப்புப் புள்ளிகள் வரிவரியாக வரும். கீழிருந்து மூன்றாவது வரியைக் கவனி. ‘அ’ என்று குரலை நீட்டியபடியே நாக்கு நுனியை மெல்ல மேலே வளைக்கட்டும், அண்ணத்தில் ஒட்டக் கூடாது. ழகரம் வந்தால் அந்த வரி சரிந்து இரண்டாவது வரியை நெருங்கும். லகரத்தில் அப்படிச் சரியாது.

ளகரத்தோடு ஒப்பிடும்போது வரியை மட்டும் நம்பினால் ஏமாறுவாய், அங்கேயும் ஓரளவு சரிவு உண்டு. ஒலி தொடங்கி முடியும் ஓரத்தைப் பார். நாக்கு ஒட்டிப் பிரிவதால் ளகரத்தின் இரு பக்கமும் திரையில் தெரியும் ஒலிப்படம் வெட்டினாற்போல மாறும். ழகரம் வழுக்கிக்கொண்டு போகும். தொல்காப்பியப் பிறப்பியல் ‘நுனிநா அணரி’ (நாக்கு நுனி மேலே வளைந்து) என்கிற அதே அசைவைத் திரையில் பார்ப்பது எவ்வளவு அழகு தெரியுமா!

புள்ளிகள் தாறுமாறாகச் சிதறினால் பிழை அவளுடையதல்ல. பிராட்டின் அமைப்பில், எந்த அதிர்வெண் வரை ஃபார்மன்ட் தேட வேண்டும் என்ற உச்ச வரம்பு ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 5500. சிறுமியின் குரலுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார். கீச்சென்று பேசினாலும் சிதறும். இயல்பான குரலில் சொல்லட்டும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் ஏழு, தோழி, பிறகு வாழைப்பழம், அப்புறம் வாக்கியம். வேகம் கூடினால் நாக்கு பழைய இடத்துக்கே ஓடும். அப்போது ஒரு படி இறங்கு. மற்ற எழுத்துகளும் குழறுவதாகத் தோன்றினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடு, காதையும் சோதித்துவிடு.

முதல் நாள் பதிவை அழிக்காதே. ஒரு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்து அனுப்பு, கேட்கிறேன்.

அன்புடன்,
மணி