அசனத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், பண்டிகைக்காக வெளியூரிலிருந்து வந்த நம் பிள்ளைகளுக்கும், மதம் பார்க்காமல் வந்து உதவிய பக்கத்துத் தெரு உறவுகளுக்கும் அசனக் கமிட்டியின் ஸ்தோத்திரமும் நன்றியும்.

பிரதிஷ்டைப் பண்டிகை அசனம், அதாவது சபையாக எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பொது விருந்து, குறைவில்லாமல் நடந்து முடிந்தது. பந்தி பந்தியாக ஜனங்கள் உட்கார்ந்தார்கள், தூக்குவாளி கொண்டு வந்தவர்களுக்கும் சோறும் குழம்பும் போய்ச் சேர்ந்தன. விறகு தந்தவர்கள், அரிசி மூட்டை இறக்கியவர்கள், பந்தலும் லைட்டும் போட்டவர்கள், தண்ணீர் லாரியை ஏற்பாடு செய்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி விடிய விடியக் கத்தரிக்காயும் வாழைக்காயும் நறுக்கிய பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், சித்திமாருக்குத் தனியாக நன்றி. நறுக்கும்போது அவர்கள் பாடிய கீர்த்தனைகளைக் கேட்டுக்கொண்டே அடுப்படி ஆட்களும் தூங்காமல் வேலை செய்தார்கள்.

இந்த மடலில் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இந்த வருஷம் மூன்று காரியங்களை மாற்ற வேண்டும் என்று கமிட்டி கேட்டது. மூன்றுமே யாராவது ஒருவருடைய மனதைத் தொடுகிற காரியங்கள். நீங்கள் அவற்றுக்கு இடம் கொடுத்தீர்கள்.

முதலாவது, எச்சில் இலை. நம் பக்கத்தில் சமைக்கவும் பரிமாறவும் ஆள் தட்டுப்பாடே வராது. இலை எடுக்கத்தான் ஆளைத் தேட வேண்டும். சாதியும் அந்தஸ்தும் கோயிலுக்குள் வந்து ஒளிந்துகொள்ளும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு சில குடும்பத்தாரே எடுக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்து வந்தது. இந்த முறை எல்லா வேலைக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். இலை எடுக்கும் சீட்டு பேங்கில் வேலை பார்க்கும் தம்பிக்கு வந்தது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கும் வந்தது. இருவரும் மாற்றிக் கேட்கவில்லை. ஐயா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பந்தி வரை கூடையோடு நின்றார். அதுவரை வருஷா வருஷம் அந்த வேலையைச் செய்துவந்த, கோயில் மணி அடிக்கும் அண்ணன் தன் குடும்பத்தோடு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அண்ணனுக்கும் இங்கே நன்றி சொல்கிறோம், இந்த வருஷத்துக்கு மட்டுமல்ல.

அடிப்பிடித்த அண்டாக்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த வாலிபர் ஐக்கியப் பிள்ளைகளையும் மறக்க முடியாது. சாப்பாடு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற வேலை அது. பார்க்க ஒருவரும் இல்லாத நேரத்தில் அதைச் சுத்தமாகச் செய்தீர்கள், தம்பிமாரே. வார்ப்புகள் பளிச்சென்று இருக்கின்றன.

இரண்டாவது, தனிப் பந்தி. முக்கியஸ்தர்களுக்கு மேஜை நாற்காலி போட்டுத் தனியாகப் பரிமாறும் வழக்கத்தை நிறுத்தினோம். முட்டுவலிக்காரர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு மட்டும் நாற்காலி. இது புதிய சட்டம் ஒன்றும் இல்லை. பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, ஏழையை நிற்கச் சொல்வதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறார். கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட, சிலர் பசியோடு இருந்ததைப் பவுல் எவ்வளவு கடுமையாகக் கேட்டார் என்பதும் நமக்குத் தெரியும். ஆராதனையில் நம் சபைக் குருவானவரான ஐயர் நம் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியாவை நினைவுபடுத்தினார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிமாருக்கு முன்னால் நின்று, உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர் அவர். இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். கூடவே உட்கார்ந்து சாப்பிடாத அன்பு பாதி அன்புதான் என்று ஐயர் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். அப்புறம் பந்தியிலும் அப்படியே வந்து பாயில் உட்கார்ந்தார்களே, அதற்குத்தான் இந்த நன்றி. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த குடும்பங்களும் வரிசையில் நின்று, இடம் கிடைத்த பந்தியில் சாப்பிட்டன.

மூன்றாவது, காணிக்கைப் பட்டியல். பெரிய தொகையை முதலில் வாசிப்பதை விட்டு, அகர வரிசையில் பெயரை மட்டும் வாசித்தோம். இதில் மனவருத்தம் வந்தது உண்மை. கொடுத்தவரைக் கனப்படுத்துவதில் என்ன தப்பு என்று மூத்தவர் ஒருவர் கமிட்டிக் கூட்டத்திலேயே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் வாசிப்பதைப் பார்த்துப் பிறருக்கும் கொடுக்க மனம் வருவதுண்டு. ஆனால் ஒரு நாள் கூலியைக் கொண்டுவந்து போட்ட அக்காவின் பெயர் கடைசியில் அவசரமாக வாசிக்கப்படுவதை எத்தனை வருஷம் கேட்பது? தன் கருத்து எடுபடாத பிறகும் அந்த மூத்தவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. வழக்கமான காணிக்கையைக் கொடுத்ததோடு, பண்டிகை அன்று காலையிலேயே வந்து தண்ணீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். நான் பார்த்ததிலேயே பெரிய தாழ்மை அதுதான். நாம் சொன்னது நடந்தால் எல்லோரும் உற்சாகமாக உழைப்போம். நடக்காதபோதும் அதே கையால் உழைக்க ஆண்டவருடைய கிருபை வேண்டும். மாமா, உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

இன்னொரு கூட்டத்தாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காலமெல்லாம் அடுப்படியில் நின்று, இப்போது உடம்பு முடியாமல் உட்கார்ந்துவிட்ட நம் பெரியம்மாமாருக்கு. எனக்கு யாரும் செய்ய வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்தார்கள். பேதுருவும் தன் கால்களை ஆண்டவர் கழுவக் கூடாது என்றுதான் முதலில் தடுத்தார். செய்து பழகிய கைக்கு வாங்கிக்கொள்வது கஷ்டம். சின்னப் பிள்ளைகள் கொண்டுவந்த இலையில் அமைதியாகச் சாப்பிட்டு, அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தீர்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைக் கோயில் முகப்பில் ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் கேளுங்கள். மிச்சமான அரிசி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டது. சில தூக்குவாளிகளும் ஒரு பெரிய கரண்டியும் கோயில் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வருஷச் சீட்டுக் குலுக்கலில் கமிட்டிக்காரர்கள் பெயரும் இருக்கும், ஐயர் பெயரையும் சேர்க்கச் சொல்லி அவரே கேட்டிருக்கிறார்.

கர்த்தருடைய பணியில்,
அசனக் கமிட்டிக்காக, செயலாளர்