குட்டி வேண்டாம், வளர்ந்த பூனையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத்தான் தேடும். சோறு கிடைக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும்' என்று போன ஞாயிறு இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். முன்னறையிலேயே தையல் கடை வைத்திருப்பதால் பகல் முழுக்க அவற்றோடுதான் இருக்கிறேன். நான்கும் ஒரே மீனைத் தின்று வளர்ந்தவை. ஆனால் ஒன்றின் குணம் இன்னொன்றுக்கு இல்லை. 'பூனை என்றால் இப்படித்தான்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதால்தான் பல பூனைகள் தெருவுக்கு வருகின்றன என்பது என் எண்ணம்.

மூத்தவள் கருப்பாயி. மெஷின் பலகையின் இடது ஓரம் அவளுடையது. அளவு கொடுக்க யார் வந்தாலும் கண்ணைத் திறந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் நான் காய்ச்சலில் படுத்தால் மெஷினை விட்டு இறங்கி வந்து என் கால்மாட்டில் படுத்துக்கொள்வாள். சோற்றுக்காக வருகிறாள் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் சோறு வைப்பது என் மகள்.

செவலையன் அவளுக்கு நேர்மாறு. வெட்டி வைத்த பிளவுஸ் துணிமேல் மல்லாந்து படுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வயிற்றைக் காட்டுவான். குழந்தைகள் வாலைப் பிடித்தாலும் நகம் வெளியே வராது. செவலைப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண். மூன்று நிறம் கலந்தவை அநேகமாக எல்லாமே பெட்டை. அந்தச் செம்மை நிறத்துக்கான மரபணு, ஆணுக்கு ஒன்றும் பெட்டைக்கு இரண்டுமாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம். நிறத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கலாம், குணத்தைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவிலேயே இன்னொரு செவலை இருக்கிறது, பக்கத்தில் போனாலே சீறும்.

பொடியனுக்கு நூல்தான் பைத்தியம். மற்ற மூன்றும் நூலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இவன் மட்டும் நூல்கண்டை உருட்டி, நுனியைத் தேடிப் பிடித்துக் கடித்து மெல்லத் தொடங்குவான். இது விளையாட்டு இல்லை. பூனை நாக்கின் மேல் உள்ள சொரசொரப்பான முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும். நூல் அதில் மாட்டினால் துப்புவது கஷ்டம், உள்ளேதான் போகும். ஒரு முனை எங்காவது சிக்கிக்கொண்டால் குடல் சுருங்கி மடிந்து அறுபடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். அதனால் ராத்திரி கடையைச் சாத்தும்போது ஊசி நூல் எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடும்.

மூக்குத்தியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூக்கோரம் கறுப்புப் புள்ளி, உடம்பில் மூன்று நிறம். குட்டியாக இருந்தபோது அழகைப் பார்த்து ஒரு குடும்பம் ஆசையாக வாங்கிப் போனது. பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, மடியில் உட்காரவே மாட்டேன் என்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கும் அவள் மடிக்கு வந்தவள் இல்லை. கடை சாத்தி விளக்கைக் குறைத்த பிறகு வருவாள், ஒரு கை தூரத்தில் உட்காருவாள், என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பாள். நானும் அப்படியே செய்வேன். அவளுடைய பாசம் அவ்வளவுதான், எனக்கு அது போதும். ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது போதாது. அது அவர்கள் குற்றமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை.

பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டிதான் பின்னால் ஆட்களிடம் பயமில்லாமல் பழகும். மூக்குத்திக்கு அது வாய்க்கவில்லை, சாக்கடை ஓரத்தில் கிடந்தவள். துணிச்சலும் கூச்சமும் தகப்பன் வழியாகவும் வரும் என்று பூனைகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதையெல்லாம் கையளவு குட்டியின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வயது தாண்டிய பூனையிடம் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் என்னிடம் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள். வளர்ந்ததும் நினைத்தபடி இல்லை என்று சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிடுகிறார்கள். பெட்டை என்றால் நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் ஈனும். அப்புறம் அந்தக் குட்டிகளுக்கும் அதே சந்தைதான்.

எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா அமைதியான பூனை ஒன்று வேண்டும் என்றார். தெருவில் நான் சோறு வைத்துவந்த, வளர்ந்த சாம்பல் பெட்டையைக் கருத்தடை செய்து கொடுத்தேன். அக்கா பேப்பர் படிக்கும்போது அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

எனவே பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கிறவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்: குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, வேறு பூனையைப் பார்த்தால் சண்டைக்குப் போகுமா, தூக்கினால் பொறுக்குமா, கருத்தடை ஆகிவிட்டதா. வீட்டுக்கு வந்ததும் கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். தண்ணீரும் சோறும் மண்தட்டும் அதே அறையில் வைத்துவிட்டு, அதுவாக வெளியே வரும்வரை விட்டுவிடுங்கள். சில பூனைக்கு ஒரு நாள் போதும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
நாகல் நகர், திண்டுக்கல்.