முயலுக்கு வலி

சுவான்சோ, சீனா,
மார்ச் 9

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஊர்ப்பெயரைக் ‘குவான்சோ’ என்று எழுதியிருக்கிறாய். ஆங்கில எழுத்தைப் பார்த்து நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். கிட்டத்தட்ட ‘ச்சுவான்ஜோ’ என்றால்தான் டாக்சிக்காரருக்குப் புரிகிறது.

வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆம்பூரில் பார்த்த அதே ஷூ, அதே பசை வாடை. பக்கத்து ஜின்ஜியாங்கில் எங்கே திரும்பினாலும் ஷூ கம்பெனிதான்.

சீனத்தில் ராகம்தான் கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். ‘மய்’ என்பதைத் தாழ்த்தி இழுத்தால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. அதுகூடப் பழகிவிட்டது. என்னைப் படுத்தி எடுத்தது மூச்சு. நமக்குத் ‘து’ ஒன்றுதான். இவர்களுக்கு மூச்சு விடாமல் சொல்லும் ‘து’ வேறு, ஊதிச் சொல்லும் ‘து’ வேறு. வாய்க்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்து, அது ஆடுகிறவரை ஊதச் சொன்னார் டீச்சர். ஒரு வாரம் ஊதியதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஊத ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வயிற்றுவலி. மருந்துக்கடைக்குப் போய் “தூட்ஸு வலிக்கிறது” என்றேன். ஊதாமல் சொன்னால் வயிறு, ஊதினால் முயல். அந்தம்மா கொஞ்சமும் சிரிக்காமல், “முயல் எங்கே, கொண்டு வரவில்லையா?” என்றார். வயிற்றைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் மாத்திரை வந்தது.

வகுப்பைவிட, கீழே இருக்கும் தேயிலைக் கடையில்தான் நான் அதிகம் கற்றுக்கொள்கிறேன். அவர்கள் வீட்டில் பேசுவது இந்த வட்டாரத்தின் மின்னான் மொழி. அதில் தேநீருக்கு ‘தே’ என்று பெயர். நம் தேயிலையில் இருக்கும் ‘தே’ இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போனதுதான். கடைக்காரி என்னைப் பார்த்ததும் கேட்பது “சாப்பிட்டாச்சா?”. கிளம்பும்போது “மெதுவாகப் போங்கள்”. நம் “பார்த்துப் போங்க”தான், வேறென்ன!

ஒருநாள் தன் மகளிடம் என்னை எப்படிக் கூப்பிடச் சொல்வது என்று யோசித்தாள். “நீங்கள் என்ன பிராணி?” என்றாள். திகைத்துப் போனேன். அப்புறம்தான் விளங்கியது, பிறந்த வருஷத்தின் விலங்கைக் கேட்கிறாள். வயதைக் கேட்க இது நாசூக்கான வழி. 1979 என்றால் ஆடு. (நீயும் ஆடுதான், சிரிக்காதே.) அவள் புருஷன் 1982, நாய். அப்படியென்றால் நான் மூத்தவன், ஆகவே குழந்தைக்கு ‘போபோ’. இளையவனாக இருந்திருந்தால் ‘ஷூஷூ’. பெரியப்பாவும் சித்தப்பாவும்! கம்பெனியில் ஆங்கிலக்காரர் ஒருவர் இதை நோட்டில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ரொம்ப ஒட்டுகிறதே என்று பூரித்தபோது ஒரு இடி விழுந்தது. என் அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். இங்கே அத்தை மகளைக் கட்டக்கூடச் சட்டம் விடாது; 1980-இல் போட்ட தடை இன்றும் இருக்கிறது. ‘முறைப்பெண்’ என்பதை விளக்கப் பார்த்தேன். என் சீனம் அவ்வளவு தூரம் போகவில்லை.

போன ஞாயிறு கையுவான் கோயிலுக்குப் போனேன். புத்தர் கோயில்தான், ஆனால் பெரிய மண்டபத்தின் பின்பக்கத் தூண்கள் இரண்டில் விஷ்ணு கதைகள் செதுக்கியிருக்கிறது. 1281-லேயே இந்த ஊரில் தமிழ்க் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள் நம் ஆட்கள். அவர்களுக்கு வாய்க்கு முன்னால் காகிதம் பிடித்தவர் யாரோ.

ஆடியில் வருகிறேன். ஆன்ஷியில் விளையும் தியேகுவான்யின் தேயிலை அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதில் பாலை ஊற்றிவிடாதே.

உன்,
ரவி