இதய வார்டின் இரவு விளக்குகள் பற்றி ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதய சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். என் கோரிக்கை ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு மேல், நிலைமை சீரான இதய நோயாளிகளின் தலைக்கு மேல் எரியும் டியூப் லைட்டை அணையுங்கள்.

என் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு, வார்டில் இருந்த இரவுகளில் எல்லாம் தோர்த்தைக் கண்ணில் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தார். தூக்கம் கெடுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

மாரடைப்பில் இதயத்துக்கு இரண்டு அடி விழுகிறது. முதலாவது அடைப்பு. அடைப்பை நீக்கியதும் ரத்தம் வேகமாகத் திரும்பிப் பாய்கிறதே, அது இரண்டாவது. ஆக்சிஜன் இல்லாமல் வாடிக் கிடந்த தசைக்குள் அது திடீரென நுழையும்போது செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் கால்சியம் நிறைகிறது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைகிறது. பிழைத்திருக்க வேண்டிய செல்களும் இதில் சாகின்றன. இரவு இருட்டில் நம் உடம்பே சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இந்த இரண்டாவது அடியின் வேகத்தைக் குறைப்பதை விலங்குகளின் இதயங்களில் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

1958-ல் மாடுகளின் மூளையில் உள்ள பீனியல் சுரப்பியிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்த ஏரன் லெர்னர் ஒரு தோல் மருத்துவர். இதயம் அன்று அவர் தேடலிலேயே இல்லை. மெலடோனின் ஃப்ரீ ராடிக்கல்களை நேரடியாகவும் அடக்கும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது செல்லின் மேலுறையில் இருக்கும் எம்டி1, எம்டி2 என்ற ஏற்பிகள்தான், அதாவது ஹார்மோன் வந்து பொருந்தும் இடங்கள். மெலடோனின் அவற்றில் பொருந்தியதும், செல்லைச் சாகவிடாமல் காக்கும் வேதிச் சங்கிலிகள் உள்ளே இயங்கத் தொடங்குகின்றன. லுசிண்டோல் என்ற மருந்தால் இந்த ஏற்பிகளை மூடிவிட்டால், எலி இதயங்களில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

சரி, அப்படியானால் மெலடோனினை மருந்தாகக் கொடுத்துவிடலாமே? நான் அதைக் கேட்கவில்லை. மாரடைப்பு நோயாளிகளுக்கு ஸ்பெயினிலும் டென்மார்க்கிலும் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவுகளில் இதயத் தசையின் சேதம் குறையவில்லை. அதனால் மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று நோயாளிகளிடம் நீங்களே சொல்ல வேண்டும்.

ஆனால் உடம்பே சுரக்கிற மெலடோனினை நாம் கெடுக்காமல் இருக்கலாம் அல்லவா? அது இருட்டில்தான் சுரக்கும். கண்ணில் படும் வெளிச்சம், குறிப்பாக நீல நிறம் கூடிய வெள்ளை வெளிச்சம், அதைத் தடுக்கும். இதில் இன்னொன்றும் இருக்கிறது: இதய நோயாளிகளுக்கு வழக்கமாகத் தரும் மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களும் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள்) இரவில் இந்தச் சுரப்பைக் குறைக்கக்கூடியவை. அந்த மாத்திரைகள் தேவை, நிறுத்தவே கூடாது. அதற்கு மேல் வெளிச்சத்தையும் ஏன் சேர்க்க வேண்டும்?

2022-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில், நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் ஒரே ஓர் இரவு தூங்கியபோதே அவர்களின் இதயத் துடிப்பு கூடியது. அடிபட்ட இதயத்தோடு படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

செலவும் பெரிதாக இல்லை. கட்டிலுக்கு அருகே மங்கலான மஞ்சள் விளக்கு, சிஸ்டர்கள் கையில் டார்ச், அவசரத்துக்கு உடனே போடும்படி பெரிய விளக்கின் சுவிட்ச். அவசியமில்லாத ரத்தப் பரிசோதனையையும் பிபி பார்ப்பதையும் நடுச்சாமத்தில் வைக்காமல் விடிந்தபின் செய்யலாம். எந்தக் கட்டிலுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை டியூட்டி டாக்டர் தீர்மானிக்கட்டும்.

1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. முதலில் ஒரே ஒரு வார்டில் ஒரு மாதம் செய்துபாருங்கள். எப்படி இருந்தது என்று நோயாளிகளிடமும் நைட் டியூட்டி சிஸ்டர்களிடமும் கேட்டுவிட்டு மற்ற வார்டுகளை முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஒரு நோயாளியின் மகள்