செயலாளர் அறிக்கை: வேகமான நால்வரும் வேகமான அணியும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு அதிகம் பேசியதும் சத்தம் போட்டதும் அணித் தேர்வைப் பற்றித்தான்.

4×100 மீட்டர் தொடர் ஓட்டத்துக்கு, 100 மீட்டரில் முதல் நான்கு இடம் பிடித்தவர்களையே எடுத்தோம். ஸ்டாப்வாட்ச் சொன்னதே தீர்ப்பு. முதல் போட்டியில் கடைசி மாற்றத்தில் கோல் கீழே விழுந்தது. அடுத்ததில் விழவில்லை. ஆனால் வாங்க வேண்டியவர் அவசரப்பட்டு முன்னதாகவே கிளம்பி, கோல் மாற்றுவதற்கான 30 மீட்டர் எல்லை முடியப் போகிறதே என்று திரும்பிப் பார்த்து, ஏறக்குறைய நின்றுகொண்டே வாங்கினார். அதுவரை சேர்த்த முன்னிலை அந்த 30 மீட்டருக்குள் கரைந்தது.

சரி என்று ஐந்தாம் இடத்துக்காரரைச் சேர்த்தோம். தனியாக ஓடினால் பின்தங்குவார். ஆனால் வருபவரின் கால் தரையில் ஒட்டிய அடையாளத்தைத் தொடும்வரை அசையமாட்டார். பின்னால் நீட்டிய கை ஆடாது. மூத்தவர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஜப்பானைக் காட்டினேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 37.60 நொடியில் வெள்ளி வென்ற அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 நொடிக்குள் ஓடியதில்லை. கோலைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறையில் ஊறியவர்கள். அதற்காகக் கால் வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கம் உசைன் போல்ட் ஓடிய ஜமைக்காவுக்குத்தான் போனது.

நமக்குக் கிடைத்தது நான்காம் இடம். நேரம் மட்டும் குறைந்தது. அணியில் இடம் இழந்தவர்தான் இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் கைபேசியில் படமெடுத்துத் தருகிறார். அதற்குத் தனி நன்றி.

கயிறு இழுத்தல் வேறு கணக்கு. அங்கே ஒவ்வொருவர் பலமும் கூடத்தான் செய்யும், ஆனால் முழுதாகக் கூடாது. ஆள் சேரச் சேர ஆளுக்கான இழுவிசை குறைவதை மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே அளந்திருக்கிறார். சேர்ந்தாற்போல் இழுக்காதது ஒரு காரணம். மற்றவர் இழுப்பார் என்று விடுவது இன்னொன்று. முதல் காரணத்துக்குத் தாளம் சொல்ல ஒருவரைப் போட்டோம், பலன் தெரிந்தது. முகத்தை மட்டும் சுளித்தபடி கயிற்றைச் சும்மா பிடித்திருந்தவர் யார் என்பது அவருக்கே தெரியும்.

தொடர் ஓட்டத்துக்கு ஆறு பேரை அழைத்து, இருவர் இருவராக மாற்ற நேரத்தையும் அளந்து நால்வரைத் தேர்வு செய்யலாம் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.