பக்க ஓரத்தில் நின்றுபோன ஆறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தாமிரபரணி பற்றிய இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். பொதிகை, பாணதீர்த்தம், காரையாறு, சேர்வலாறு, பாபநாசம் மின்சாரம், அம்பாசமுத்திரத்து நெல், பத்தமடைப் பாய் என்று ஒன்றும் விடுபடவில்லை. கடைசிப் பத்தியில்தான், "நெல்லையை வளப்படுத்திய பின் எஞ்சும் நீர் கடலுக்குப் போகிறது" என்று ஒரே வரி. வரைபடத்திலும் நீலக்கோடு நெல்லையின் சுலோச்சன முதலியார் பாலம் தாண்டியதும் மெலிந்து, பக்க ஓரத்தில் காணாமல் போய்விட்டது. நாங்கள் அந்த ஓரத்தில்தான் குடியிருக்கிறோம், ஐயா.

ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் நெல்லைக்குக் கீழே என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். இந்த நாலு வாய்க்கால்களை நம்பித்தான் எங்கள் குளங்கள். இந்தத் தண்ணீரில்தான் ஏரல் பக்கம் வாழை நிற்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலைக்கும் இதுதான் பாய்ச்சல். தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் என்று திட்டம் போட்டதும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை வைத்துத்தான். ஆலைக்குப் போகும்போது அதை யாரும் 'எஞ்சும் நீர்' என்று எழுதுவதில்லை.

1986-ல் நெல்லை ஜில்லாவைப் பிரித்துத் தூத்துக்குடியைத் தனி ஜில்லா ஆக்கினார்கள். ஆற்றையும் சேர்த்துப் பிரித்துவிட்டதாக அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

என் அப்பா காலத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். நான் கார் நட்டுப் பல வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் துணிந்து நாற்றுப் பாவினேன். மடைக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்று முற்றி மாட்டுக்குப் போனது. மனு எடுத்துக்கொண்டு போன இடத்தில், "மேலே இருக்கிறவங்களுக்கே பத்தலை பெரியவரே" என்று உட்காரச் சொல்லாமலே பதில் வந்தது. தங்கள் கட்டுரையாளரின் வரியைப் படித்ததும் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மட்டும் 'எஞ்சும் நீர்' குறைவில்லாமல் வந்து சேர்ந்தது. வாழை சாய்ந்தது; வயலில் முழங்கால் அளவு மணல். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் சிக்கியதால் எங்கள் பக்கத்துப் பெயர்கள் பத்திரிகைகளில் சரியாக அச்சாயின. அதற்கும் நன்றி.

கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்ற தொனியும் சரியில்லை. முத்துக்குப் பேர்போன கொற்கை ஒரு காலத்தில் கடல்துறை. ஆறு கொண்டுவந்த வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் தள்ளிப்போய், இன்று அது உள்ளடங்கிய கிராமம். நாங்கள் நாற்று நடுகிற மண்ணே அப்படி வந்ததுதான். இதைக் கட்டுரையாளருக்குத் தாங்கள் நேரம் கிடைக்கும்போது சொல்லலாம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று தினமும் போடுகிற அணை நிலவரக் கட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் வடகாலிலும் தென்காலிலும் எத்தனை கன அடி விட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் உபகாரமாக இருக்கும். அடுத்த தடவை வரைபடம் போடும்போது நீலக்கோட்டை, ஆறு கடலில் கலக்கிற புன்னைக்காயல் வரை இழுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்