சம்பளத்தைப் பிரித்துக் காட்டுவது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றிச் சிறுதொழில் முதலாளிகளுக்காகத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். கோவையில் லேத் பட்டறைகளுக்கும் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகளுக்கும் சம்பளக் கணக்குப் பார்த்துத் தருபவன் என்ற முறையில், அதன் முக்கிய ஆலோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த இத்தொகுப்புகளால் கூடும் செலவை, பேசிக் எனப்படும் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்கிறது கட்டுரை. அந்த வழியை அடைப்பதற்காகவே 'ஊதியம்' என்பதற்குப் புதிய வரையறை எழுதப்பட்டுள்ளது.

மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒரு டர்னருக்கு (லேத் இயக்குபவருக்கு) பேசிக் 7,000 ரூபாய், வீட்டு வாடகைப்படியும் பயணப்படியுமாக 13,000 ரூபாய் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஊதியக் கணக்கிலிருந்து விலக்களிக்கப்பட்ட இத்தகைய படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இங்கே 3,000 சேர்ந்து, ஊதியம் 10,000 ஆகிறது. அவர் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால், இந்த ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) 40,385 ரூபாய் அல்ல, 57,692 ரூபாய். பேசிக்கை 7,000 என்பதற்குப் பதில் 5,000 என்று எழுதினாலும் இந்தத் தொகை மாறாது. வைப்பு நிதியை (பி.எஃப்.) பொறுத்தவரை, எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கப்படும் படியை அடிப்படைச் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் பணிக்கொடை வராது என்ற நம்பிக்கையும் எங்கள் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓராண்டிலேயே அந்த உரிமை வந்துவிடுகிறது. பணிக்கொடைக்கு வழக்கமாக உள்ள ஐந்தாண்டுப் பணி நிபந்தனை அவருக்குக் கிடையாது.

கட்டுரை ஒரே வரியில் கடந்து சென்ற விஷயம்தான், என் பார்வையில், பட்டறைகளில் அதிகமாகத் தகராறை உண்டாக்கப்போவது. வேலையை விட்டுப் போகிறவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இத்தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பு. முதலாளி நீக்கினால் இரண்டு நாளில் தர வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. தானாக ராஜினாமா செய்பவருக்கும் அது பொருந்துவதுதான் இப்போதைய மாற்றம். ஆனால் 'அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்' என்பதே இங்கு வழக்கம். அதிலும், உடைந்த டிரில் பிட்டுக்கும் ஸ்கிராப் ஆன வார்ப்புக்கும் பணம் பிடித்துக்கொள்ளும் நாள் பெரும்பாலும் செட்டில்மெண்ட் நாளாகத்தான் இருக்கிறது. தொழிலாளியிடம் தனியாக ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் சேதமானால் மட்டுமே பிடித்தம் செய்யலாம், அதுவும் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்ட பிறகே. தேய்ந்துபோகும் டூலுக்கு யாரிடம் விளக்கம் கேட்பது? பணிக்கொடைக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு என்பதால், இரண்டையும் ஒன்றாக்கிச் சம்பளத்தையும் முப்பது நாள் நிறுத்தி வைப்பது தவறு.

ஹோலிக்கு ஊருக்குப் போகிறேன் என்று ரயிலேறிய ஒடிசா இளைஞர் திரும்பி வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று முதலாளிகள் கேட்கிறார்கள். அவர் ராஜினாமாவும் செய்யவில்லை, நாம் நீக்கவும் இல்லை. இரண்டு நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட, வேலை செய்த நாட்களுக்கான பணத்தை, எப்படியும் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தர வேண்டிய அதே பணத்தை, வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பும்படி அவருடைய ஊர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துவதே பாதுகாப்பானது. ஆள் வந்தால்தான் காசு என்று பிடித்து வைத்திருப்பது பழக்கதோஷம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ரசீதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பளம் கிடைக்கவில்லை என்று தொழிலாளி மனுக் கொடுத்தால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மனுக் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது; உரிய தொகையோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தரவும் உத்தரவிடலாம். சனிக்கிழமை மாலை கவரில் பணம் போட்டுக் கொடுத்து, நோட்டில் ஒரு டிக் மட்டும் அடித்து வைத்திருக்கும் பட்டறைக்காரர் மூன்று ஆண்டு கழித்து எதைக் காட்டுவார்? பே ஸ்லிப்பும் பணி நியமனக் கடிதமும் தொழிலாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைப்பவர்கள், அவை முதலில் தங்களையே காப்பாற்றும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகளில் பலர், காலையில் தாங்களே மெஷினில் நின்றுவிட்டு இரவில் கணக்குப் பார்ப்பவர்கள். தொடரின் அடுத்த பகுதியில் அவர்களுக்காகத் தமிழில் ஒரு மாதிரி நியமனக் கடிதத்தையும், படிகளும் பிடித்தங்களும் தனித்தனியாகக் காட்டப்பட்ட ஒரு மாதிரி பே ஸ்லிப்பையும் அச்சிட வேண்டுகிறேன். படிகளை மாற்றி அமைக்கலாம் என்ற ஆலோசனைக்கும் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
சம்பளக் கணக்காளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.